கொளுத்தினால் எங்கே போகும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலையில் இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். தேர்வு எதுவும் வைக்க மாட்டேன்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த மாதம் வந்த உடல்நல எச்சரிக்கைகளை நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பிளாஸ்டிக் அரிசி இரண்டு முறை, பிளாஸ்டிக் முட்டைக்கோஸ் ஒரு முறை, செல்போன் கோபுரம் மூன்று முறை, மைக்ரோவேவ் அடுப்பு ஒரு முறை வந்திருக்கின்றன. இரவில் தலைமாட்டில் போன் வைக்கக் கூடாது என்பது எத்தனை முறை என்று கணக்கே இல்லை. குழந்தைகள் நன்றாக இருக்க வேண்டும் என்ற பயத்தில்தான் அனுப்புகிறீர்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் செய்திகள் வருகிற அதே காலை ஆறரை மணிக்கு, அதே கைகள் வாசலைக் கூட்டி, ஓரமாகக் குவித்து, தீ வைக்கின்றன. அதைப் பற்றி இதுவரை ஒரு செய்திகூட வந்ததில்லை. ஏனென்றால் அது ஆபத்து என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. சுத்தம் என்று தோன்றுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் மெக்னீசியம் நாடாவை எரித்துக் காட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கண் கூசும் வெள்ளை வெளிச்சம் வரும். பின்வரிசையில் ஒரே ஆரவாரமாக இருக்கும். எரிந்து முடிந்ததும் கொஞ்சம் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். "நாடாவைவிடச் சாம்பல் எடை கூடுமா, குறையுமா?" என்று கேட்பேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "குறையும் சார்" என்பீர்கள். கூடும். காற்றிலிருந்த ஆக்சிஜன் அதோடு சேர்ந்துவிட்டது. லவாய்சியர் 18-ஆம் நூற்றாண்டில் தராசு வைத்துச் சொன்ன பொருண்மை அழியா விதி இதுதான். எரிப்பதால் எதுவும் இல்லாமல் போவதில்லை. வேறொன்றாகி வேறோர் இடத்துக்குப் போகிறது, அவ்வளவே. அரைக் கிலோ குப்பையைக் கொளுத்தி ஒரு பிடி சாம்பல் மிஞ்சினால், மீதி எல்லாம் காற்றில்தான் இருக்கிறது. அந்தக் காற்றைத் தெருவில் இருக்கும் நாம்தான் மூச்சாக இழுக்கிறோம். வளர்ந்த மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறார்.

"எங்க அம்மா, பாட்டி எல்லாம் கொளுத்தலையா சார்? அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

என் அம்மாவும் கொளுத்தினார்கள். அவர்கள் துடைப்பத்தில் சேர்ந்தது என்ன? வேப்பஞ்சருகு, வைக்கோல் துணுக்கு, தென்னங்கீற்று, கிழிந்த காகிதம். அந்தப் புகையும் நல்லதல்ல. விறகடுப்பின் முன்னால் காலம் முழுவதும் உட்கார்ந்து, வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாமல், நுரையீரல் கெட்டு இருமி இருமியே போன பெண்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. "ஆஸ்துமா" என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். இருந்தாலும் அந்தக் காலத்துக் குப்பையில் பிளாஸ்டிக் இல்லை. இன்று உங்கள் வாசலில் கூட்டிய குவியலைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். பால் கவர், ஷாம்பு பாக்கெட், முறுக்குப் பொட்டலம், மாத்திரை அட்டை, உடைந்த குழாய்த் துண்டு, ஒயர் உறை, பெட்டிக்குள் வந்த தெர்மாகோல், சில வீடுகளில் குழந்தையின் டயப்பர். பழக்கம் பாட்டியுடையதுதான். குப்பை பாட்டியுடையது அல்ல.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், வேதியியல் ஆசிரியனைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பால் கவர் பாலித்தீன். அதில் கார்பனும் ஹைட்ரஜனும்தான். போதுமான காற்றும் வெப்பமும் கிடைத்து முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டும் வரும். ஆனால் தெருவோரக் குவியல் முழுமையாக எரியாது. ஈரம் இருக்கும், உள்ளே காற்று போகாது, பாதி எரிந்து பாதி புகையும். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு, பென்சீன், கரித்துகள், அந்தத் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிற தார் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள். தெர்மாகோல் எரிந்தால் நூல் நூலாகக் கறுப்புப் புகை பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி உலர்த்தும் கொடியில் வந்து ஒட்டுமே, அதுதான். குழாய்த் துண்டும் ஒயர் உறையும் பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். கண்ணும் தொண்டையும் எரிவதற்கு அது ஒரு காரணம், ஈரத்தில் கரைந்தால் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆய்வகத்தில் எச்சரிக்கையோடு எடுத்துக் கொடுத்தேனே, அதே அமிலம். கூடவே டையாக்சின் என்ற குடும்பமும் உருவாகிறது. அதில் மிகக் கொடியதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. குப்பையை எரிப்பதற்கென்றே கட்டுகிற உலைகளில் 850 டிகிரிக்கு மேல் வெப்பத்தைக் குறையாமல் வைத்து, வெளியேறும் வாயுவை வடிகட்டித்தான் விடுகிறார்கள். அத்தனை பாடும் இந்த டையாக்சினுக்குப் பயந்துதான். நம் தெரு முனையில் ஒரு தீக்குச்சியோடு வேலை முடிந்துவிடுகிறது.

டையாக்சின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் சேரும். சாம்பல் விழுந்த மண்ணைக் கோழி கொத்தும், முட்டைக்கு வரும். மாடு மேயும், பாலுக்கு வரும். "நாட்டுக்கோழி முட்டைதான் பேரனுக்குக் கொடுப்பேன்" என்று தேடி வாங்குகிற உறவினர் ஒருவர் இருக்கிறார் (பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிப்பார்). அவர் வாங்கும் கோழிகள் மேய்வது குப்பை எரித்த மேட்டில். சாம்பலை முருங்கைக்கும் வாழைக்கும் போடுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. விறகுச் சாம்பல் தாராளமாகப் போடுங்கள், அது நல்ல உரம். பிளாஸ்டிக் கலந்து எரித்த சாம்பல் அது இல்லை.

அடுத்து, நுண்துகள். செய்தியில் பி.எம். 2.5 என்று சொல்கிறார்களே, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான துகள். நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியில் நிற்காது, சளியோடு வெளியே வராது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அதில் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகை என்றால் இருமல் மட்டும் இல்லை, மாரடைப்பும் பக்கவாதமும் சேர்த்துப் பேசுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம். நம் நாட்டின் வரம்பு 60.

"ஆலைகள் விடாத புகையா, லாரிகள் விடாத புகையா, என் வாசல் புகைதான் குறையா?" என்று மைத்துனர் கேட்டார். ஆலைப் புகைக்கு நான் வக்கீல் இல்லை. எண்ணூர் மக்களைக் கேட்டால் தெரியும். ஆனால் பெரிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை ஏன் 220 மீட்டர், 275 மீட்டர் என்று கட்டுகிறார்கள்? புகை தரைக்கு வருவதற்குள் பரவி நீர்த்துப்போகட்டும் என்றுதான். நம் வாசல் குப்பையின் புகைபோக்கி உயரம் பூஜ்யம். எதிர்வீட்டுச் சன்னல் எட்டடி தள்ளி. அளவில் சிறியதுதான், ஆனால் வெளிவருவதில் மூக்குக்குப் போய்ச் சேரும் பங்கு மிகப் பெரியது.

மார்கழி, தை மாதங்களில் இது இன்னும் மோசம். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழே தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருப்பதால் மூடி போட்ட மாதிரி ஆகிறது. கீழே விடும் புகை மேலே ஏறாது. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் இப்படித்தான் மூடி விழுந்தது. வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகையும் ஆலைப் புகையும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. முதலில் 4,000 என்றார்கள், பிறகு வந்த ஆய்வு 12,000 வரை சொன்னது. 1956-இல் சட்டம் போட்டு வீட்டுப் புகையையும் கட்டுப்படுத்தினார்கள். ஆலையை மட்டும் குறை சொல்லி நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் பக்கம் 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் தாமதமாயின. பழையன கழிதல் என்று பாயையும் துடைப்பத்தையும் எரித்த பண்டிகையில் டயர் எப்போது நுழைந்தது என்று யாராவது சொல்லுங்கள். விமானம் தாமதமானதால் அது செய்தியானது. அதே காலையில் எத்தனை குழந்தைகளுக்கு மூச்சு இழுத்தது என்பது செய்தியில் வரவில்லை.

எதிர்ச்சாரியில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து மூன்று முறை நெபுலைசர் வைத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. வீசிங்குக்குச் சளிக் கிருமி, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. இந்தப் புகைதான் அந்தப் பிள்ளையை இப்படி ஆக்கியது என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் டாக்டர் அந்தப் பெண்ணிடம் தெளிவாகச் சொன்னது, "புகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." வீட்டுச் சன்னலோ தெருக்காரர்கள் குப்பை கொளுத்தும் மூலையைப் பார்த்து இருக்கிறது. "சன்னலை எவ்வளவு நேரம்தான் மூடி வைக்கிறது சார்?" என்று என்னிடம் கேட்டார். கொளுத்துகிறவர்களிடம் போய்ச் சொல்ல அவருக்குத் தயக்கம். புதிதாகக் குடிவந்தவர், வாடகை வீடு. பெரியவர்களைவிடக் குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது. வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை என்றால், அந்த வயதுப் பிள்ளை அதைவிட அதிக முறை. நுரையீரல் வளர்ந்துகொண்டிருக்கிற வயது வேறு.

குழந்தை என்றதும் வீட்டுக்குள் இருக்கும் புகையையும் சொல்லியாக வேண்டும். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். குளிப்பாட்டியதும் பச்சைப் பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுகிறோம். நம் பழைய வீட்டில் முற்றம் இருந்தது. ஓட்டு இடுக்கில் வானம் தெரியும். காட்டிய புகை இரண்டு நிமிடத்தில் போய்விடும். இன்று பத்துக்குப் பத்து அறை, கான்கிரீட் கூரை, ஏ.சி.க்காகச் சன்னல் இடுக்கெல்லாம் அடைத்தாகிவிட்டது. அதே தூபக்கால், அதே சாம்பிராணி. வீடுதான் வேறு. தலைமுடி காய வேண்டும் என்றால் மெல்லிய துண்டும் காலை வெயிலும் போதும். சாமிக்குக் காட்டுவதைச் சன்னலைத் திறந்து வைத்துக் காட்டுங்கள், சாமி ஒன்றும் சொல்லாது. கரி நெருப்பை மட்டும் மூடிய அறையில் வைத்துக்கொண்டு யாரும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலையூர்களுக்குச் சுற்றுலா போய்க் குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு வைத்து, காலையில் எழுந்திருக்காதவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

கொசுவத்திச் சுருள் இன்னொன்று. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்து வரும் அளவு என்று கண்டார்கள். இதை உடனே "ஒரு சுருள் = நூறு சிகரெட்" என்று படம் போட்டு அனுப்பிவிடாதீர்கள். சிகரெட் பிடிப்பவர் புகையை நேராக நெஞ்சுக்குள் இழுக்கிறார், சுருளின் புகை அறை முழுவதும் பரவுகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் மூடிய அறையில் எட்டு மணி நேரம், தலைமாட்டில், வருடம் முழுவதும் என்பது சின்ன விஷயமும் அல்ல. துபாயில் இருக்கும் மாணவர் ஒருவர் அம்மா அப்பாவுக்குக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி அனுப்பட்டுமா என்று கேட்டார். "முதலில் இரண்டு கொசுவலை வாங்கப் பணம் அனுப்பு, கட்டிலுக்கு அடியில் இருக்கும் சுருள் டப்பாவை அப்பா தூக்கிப் போடட்டும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றேன். டெங்கு கொசு பகலில் கடிக்கும், ஆகையால் பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் பாதிக் கொசு குறையும்.

சரி, தெருக் குப்பைக்கு வருகிறேன். சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்றன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்பவருக்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று விதித்தது. எங்கள் தெருவில் யாரும் ஐந்து ரூபாய் கட்டியதாகத் தெரியவில்லை. அபராதம் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. குப்பை வண்டி பெரிய தெருவோடு திரும்பிவிடுகிறது. எங்கள் சந்துக்குள் நுழைவதில்லை. வந்தாலும் பதினொரு மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு. அந்த வீட்டுப் பெண் என்ன செய்வார்? குவியல் தெருவில் கிடந்தால் நாய் கிளறும், அக்கம்பக்கம் பேசும். கொளுத்துகிறார். தூய்மைப் பணியாளர்களும் சில நேரம் கொளுத்துகிறார்கள். குவியலை இன்றைக்குள் காலி செய் என்று மேலிருந்து சொல்கிறார்கள், வண்டி அனுப்புவதில்லை. அந்தப் புகையை முதலில், அதிகமாகச் சுவாசிப்பது அவர்கள்தான். அவர்கள்மேல் எரிந்து விழுவதில் பொருளில்லை. எடுத்துப் போன குப்பையும் தப்பிப்பதில்லை. 2022-இல் பெருங்குடி, 2023-இல் கொச்சி பிரம்மபுரம், 2024-இல் கோவை வெள்ளலூர் என்று கிடங்குகள் நாள்கணக்கில் எரிந்தன.

நானும் என் மனைவியும் இரண்டு வருடமாகச் செய்வது இவ்வளவுதான். பின்கட்டில் மூன்று ஆணி, மூன்று சாக்கு. பால் கவரை வெட்டி அலசிக் கவிழ்த்துக் காயவைத்து ஒரு சாக்கு, காகிதம் அட்டை ஒரு சாக்கு, பாட்டில் தகரம் ஒரு சாக்கு. மாதம் ஒரு முறை பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்கிறார், போன மாதம் 85 ரூபாய் கொடுத்தார். காய்கறித் தோலும் சருகும் தென்னை அடியில் குழிக்குப் போகின்றன. மூன்று மாதத்தில் மண்ணாகிவிடும். இதைச் செய்தபின் எரிக்க வேண்டிய குப்பை என்று கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சுவது மசாலா, ஷாம்பு பாக்கெட் வகை. பழைய பேப்பர்காரர் அதைத் தொடுவதில்லை. பல அடுக்கு ஒட்டிய உறை, உருக்கினாலும் பயனில்லை. மாநில அரசு 2019 ஜனவரி முதல் கேரி பேக்கைத் தடை செய்தது, இந்த உறைகளை அப்போது விட்டுவிட்டது. டயப்பருக்கும் என்னிடம் பதில் இல்லை. பகலிலாவது பழைய வேட்டித் துணி கட்டினால் எண்ணிக்கை குறையும் என்று சொன்னதற்கு என் மருமகள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. துவைப்பது அவள், சொல்வது நான்.

ஆகையால் வண்டி வர வேண்டும். அதற்கு வேறு வழியில்லை. எங்கள் சந்துக்குத் தள்ளுவண்டியாவது காலை எட்டு மணிக்குள் வரவேண்டும், பிரித்த குப்பையைப் பிரித்தபடியே எடுக்க வேண்டும், தெருமுனையில் கொளுத்தும் இடத்தை மூடிவிட வேண்டும் என்று மூன்றே வரியில் மனு எழுதியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். இதுவரை 31 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கொளுத்துகிற வீடுகளில் நான்கும் அதில் உண்டு. அந்த ஒன்றரை வயதுப் பிள்ளையின் அம்மா முதல் ஆளாகப் போட்டார்.

என் மாணவர்களில் உள்ளாட்சியில் வேலை பார்ப்பவர்கள் ஆறேழு பேராவது இருக்கிறீர்கள், மூன்று பேர் செவிலியர், இரண்டு பேர் வார்டு உறுப்பினர். எப்படி எழுதினால் மனு கிடப்பில் போடப்படாது, யாருக்கு நகல் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். இன்பாக்ஸில் சொல்லுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இங்கே இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, வாசல் குப்பையில் பால் கவர் சேராமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அது இன்றைக்கே முடியும். தாள் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, ஞாயிறு மாலை ஆறு மணி வரை வந்து கையெழுத்துப் போடலாம். பேனா கொண்டு வாருங்கள். திண்ணையில் வைத்த இரண்டு பேனாவும் காணாமல் போய்விட்டன.